பொன்னாடை போர்த்தினோம், பக்கம் புரட்டவில்லை

பதுளையில் ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்காவது போயிருப்பவருக்கு நிகழ்ச்சி நிரலைச் சொல்ல வேண்டியதில்லை. மங்கல விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, மறுபடியும் வாழ்த்துரை. முதற்பிரதி நகரத்து வர்த்தகர் ஒருவருக்கு. சிறப்புப் பிரதிகள் அரசியல்வாதிக்கும் அதிபர்மாருக்கும். அப்புறம் நாமெல்லாம் வரிசையாக மேடையேறி, கடித உறையில் காசை வைத்துக் கொடுத்து, எழுத்தாளரோடு நின்று படம் பிடித்துக்கொண்டு, புத்தகமும் கையுமாக இறங்குவோம். நூலைப் படித்துவிட்டுப் பேச வந்த ஒரே ஒருவரின் முறை வரும்போது சாப்பாட்டு நேரமாகியிருக்கும். பசறை, மடுல்சீமை, லுணுகலைப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸுக்கு எழுந்துவிடுவார்கள். "நேரமின்மை காரணமாக" என்றுதான் அவர் பேச்சைத் தொடங்குவார்.

வீட்டுக்கு வந்த புத்தகம் கண்ணாடி அலுமாரியில் ஏறும். பிள்ளை விளையாட்டுப் போட்டியில் வாங்கிய கிண்ணத்துக்குப் பக்கத்தில், உறையிலே மடிப்பு விழாமல், ஆண்டுக்கணக்காக நிற்கும்.

மலையகத்தின் வரலாற்றையும் வாழ்வையும் பற்றி வந்த நூல்களுக்கு ஊவா வாசகர்கள் என்ன சொன்னார்கள் என்று நாளைக்கு ஒருவர் ஆராய வந்தால், எடுத்துக் கொடுக்க நம்மிடம் இருப்பவை வாழ்த்துரைகள். இந்தப் பக்கம் சரி, இந்தப் பக்கம் பிசகு, எங்கள் தோட்டத்தில் இது வேறு மாதிரி நடந்தது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தவர்கள் நம்மில் அரிது. வாசகர் என்று நாம் நம்மைச் சொல்லிக்கொண்டது விழாவுக்கு வந்தவர் என்ற பொருளில்தான்.

தெளிவத்தை ஜோசப்பை எடுத்துக்கொள்வோம். ஹாலிஎலைக்குப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர். வேலை பார்த்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டவர். நம் மலை, நம் லயம், நம் ஸ்டோர், நம் கிளாக்கர்மார். அவருடைய 'காலங்கள் சாவதில்லை' 1974இல் நாவலாக வந்தது. ஒற்றைக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுக்க முடங்கிக் கிடக்கும் அவலத்தை 'மீன்கள்' என்ற ஒரு சிறுகதையில் அவர் சொன்ன அளவுக்கு எந்த ஆணைக்குழு அறிக்கையும் சொன்னதில்லை. 2000இல் வந்த 'மலையகச் சிறுகதை வரலாறு' யார் எப்போது எதை எழுதினார் என்பதைப் பழைய பத்திரிகைகளைத் தேடித் தேடித் தொகுத்தது. 2013இல் கோயம்புத்தூரிலே விஷ்ணுபுரம் விருது அவருக்குக் கொடுக்கப்பட்டது. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் நம்மில் பலர் "அட, நம்ம பதுளைக்காரர்" என்றோம். தமிழ்நாட்டு வாசகர்கள் அவர் கதைகளைப் பிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது நாம் வாழ்த்துப் பதாகைக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தோம். 2022 ஒக்டோபரில் அவர் இறந்தார். அஞ்சலிக் கூட்டத்துக்கும் அதே நிகழ்ச்சி நிரல்தான், மாலையின் நிறம் மட்டும் வேறு.

மு. நித்தியானந்தனும் பதுளைக்காரர்தான். ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' தொகுப்பை 1979இல் வைகறை வெளியீடாகக் கொண்டுவந்தவர் அவர். என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', சி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' ஆகியவையும் அதே கையால் நூலானவை. மலையக எழுத்தின் முதுகெலும்பு என்று இன்று மேடையில் நாம் அடுக்கும் புத்தகங்களில் பாதி, ஒரு தனி மனிதர் கைக்காசும் நேரமும் போட்டு அச்சேற்றியவை. அவருடைய 'கூலித் தமிழ்' 2014இல் சென்னையில் க்ரியா வெளியீடாக வந்தது. 1869இல் அச்சான ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' முதல், தோட்டத்துக்குப் புதிதாக வந்த சின்னத்துரைமார் கூலிகளை வேலை வாங்குவதற்காகப் படித்த தமிழ்க் கைநூல்கள் வரை, நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதிவைத்ததை எல்லாம் அவர் தோண்டியெடுத்திருக்கிறார். நம் பாட்டன்மாரை எந்தத் தமிழில் அதட்டினார்கள் என்பதற்கு அச்சிலே சாட்சி இருக்கிறது. அதைப் படித்துவிட்டுக் கொதித்தவர் நம்மில் யார்? குறைந்தது, "இதையெல்லாம் எதுக்குக் கிளறணும்" என்று சண்டைக்குப் போனவராவது யார்?

ஒன்றுமே சொல்லவில்லை என்றால் அதுவும் பொய். சில கருத்துகளைச் சொன்னோம். எங்கள் தாத்தா பெரிய கங்காணி, அவர் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை என்று கோபித்துக்கொண்டோம். கங்காணிகள் ஆட்களைக் கடனில் கட்டி வைத்திருந்ததை எழுதியபோது, குடும்பத்தை அவமதித்ததாகத் தொலைபேசியில் ஏசினோம். லயத்துக்குள் சாதி எப்படி இருந்தது, யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கவில்லை என்று ஓர் ஆய்வாளர் எழுதினால், "இப்ப யாரு அதெல்லாம் பாக்குறா" என்று முகம் சுளித்துவிட்டு, அடுத்த மாதம் நம் பிள்ளைக்குச் சாதி பார்த்தே சம்பந்தம் பேசினோம். தொழிற்சங்கக்காரர்கள் நம் தலைவருக்கு எத்தனை பக்கம், மற்றச் சங்கத் தலைவருக்கு எத்தனை பக்கம் என்று எண்ணினார்கள். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரை ஏறக்குறைய மறந்தே போயிருந்தோம். 1988இல் சாரல்நாடன் அவரைப் பற்றி நூல் எழுதிய பிறகுதான் அவர் படம் மேடைகளுக்குத் திரும்பியது. படத்தைத் திரும்பக் கொண்டுவந்த நூலை எத்தனை பேர் முடித்தோம் என்று கேட்டால், பேச்சை மாற்றிவிடுவோம்.

கருத்துச் சொல்லத் தெரியாத சனமில்லை இது. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், உயர்தரம் படிக்கும் பேத்தி பரீட்சைக்காகத் தோட்ட வாழ்க்கையைப் பற்றிய ஒரு கட்டுரையைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் இருந்த அப்பாயி, கொழுந்தெடுத்து ஓய்ந்தவர், இடையிலே மறித்தார். "விடியக்காலம் தப்படிச்சுப் பெரட்டுக்குக் கூப்பிட்டாங்கன்னு போட்டிருக்கா? அது எங்க மாமியா காலத்துல. எங்களுக்கு ஸ்டோருல சங்கு." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. "மட்டக்கம்பு கங்காணி கையில இல்ல. நாங்கதான் வச்சிருந்தோம். வாதுமேல குறுக்கால போட்டுப் பாத்து மேல நிக்கிறத எடுப்போம். கங்காணி கையில இருந்தது வேற கம்பு." பிள்ளைக்காரிகளுக்குப் பால் கொடுக்கப் பிள்ளைக் காம்பராவுக்குப் போக எவ்வளவு நேரம் விட்டார்கள், நேரம் பிந்தினால் அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளை யார், மழை நாளில் படங்கு நனைந்தால் இடுப்பு எப்படிக் கனக்கும் என்று அரை மணி நேரம் சொன்னார். பேத்தி கொப்பியில் ஒன்றும் குறித்துக்கொள்ளவில்லை. பரீட்சைக்கு அது வராது.

அதைக் குறித்துக்கொண்டிருக்க வேண்டியவர் அந்தப் பிள்ளை அல்ல. படித்து, உத்தியோகம் பார்த்து, ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் பதுளை நகரத்துக்கு இறங்கி வந்த நாம். ஊவாவில் தோட்டத்துக்குத் தோட்டம் வழக்கம் மாறும். நமுனுகுல மலைச்சாரலில் நடந்த மாதிரி அப்புத்தளையில் நடக்காது. காமன் கூத்தில் ஒரு தோட்டத்தில் விரிவாக ஆடுவதை இன்னொரு தோட்டத்தில் வேகமாக முடித்துவிடுவார்கள். மலையக வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அட்டன், தலவாக்கலை, கண்டிப் பக்கத்து அனுபவத்தில் கால் ஊன்றியவை என்று நாமே குறைபட்டுக்கொள்கிறோம். அது நியாயமான குறைதான். ஆனால் எழுதியவர் தான் கண்டதை எழுதினார். ஊவாவில் காண்பதை அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் வாசகர்கள். இரா. சடகோபனின் 'கண்டிச் சீமையிலே' கோப்பிக் காலத்தை விரிவாகச் சொல்கிறது. அதைப் படித்தவருக்கு, நம் ஆட்கள் ஊவா மலைக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தார்கள், வழியில் எங்கே தங்கினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். 2023இல், நம் ஆட்கள் இங்கு வந்து இருநூறு ஆண்டானதை நினைவுகூர, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். நாம் பதுளையில் மலர் வெளியிட்டோம். அந்தக் காலத்தில் மாத்தளையில் நிற்காமல் ஊவாவரை நடந்து வந்த நம் முன்னோரின் வழியைப் பற்றி அந்த மலரில் கட்டுரை கேட்க நமக்குத் தோன்றவில்லை. அமைச்சரின் வாழ்த்துச் செய்தியைத் துரத்துவதிலேயே பாதி நேரம் போய்விட்டது.

நம் தேயிலைக்குக் கிடைக்கும் மரியாதையைப் பாருங்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் ஊவாவில் ஆகும் தேயிலைக்கென்று உலகத்தில் தனி மணம், தனி விலை. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்துக்குப் போகும் ஒவ்வொரு தொகுதியையும் ருசிகாரர் வாயில் வைத்து, உறிஞ்சி, துப்பி, நிறம் இப்படி, கனம் இப்படி, வாடல் போதாது, காய்ச்சல் கூடிவிட்டது என்று குறிப்பெழுதுகிறார். அந்தக் குறிப்பு ஸ்டோருக்குத் திரும்பி வந்து, அடுத்த தூள் திருந்துகிறது. கொழுந்தெடுத்தவர்களைப் பற்றிய புத்தகத்துக்கு ஒரு வாய்க் குறிப்பும் திரும்பிப் போகவில்லை. இரண்டாம் பதிப்பு வரும் அரிய சமயங்களிலும் முதற்பதிப்பின் பிழைகளோடே வருவதற்குப் பழி பதிப்பாளருக்கு மட்டுமா?

காரணங்கள் நம்மிடம் வண்டி வண்டியாக உண்டு. 1947 தேர்தலில் பதுளையிலிருந்து எஸ்.எம். சுப்பையா பாராளுமன்றம் போனார். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் எழுதினார்கள். படித்த, படிக்கக்கூடிய எத்தனையோ குடும்பங்கள் ரயிலேறித் தலைமன்னார் போய்க் கப்பலேறின. 1983 ஜூலைக் கலவரத்தில் பதுளை நகரம் எரிந்தபோது கடைகளோடும் வீடுகளோடும் புத்தகங்களும் எரிந்தன. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவானதே 2021இல்தான், நல்ல வரலாற்று நூல் ஒன்று ஒரு நாள் பேரை அப்படியே விழுங்கிவிடும். இவை எல்லாம் உண்மை. கொழுந்து மலையில் நிற்கிறவர் ஏன் புத்தகம் வாங்கவில்லை என்று கேட்பவனுக்கு வாயிலே போடலாம். ஆனால் இந்தக் காரணங்களில் ஒன்றும் நமக்குப் பொருந்தாது. நாம் மாதச் சம்பளக்காரர்கள். பிள்ளையின் பிறந்தநாள் கேக்குக்குக் கொடுக்கும் காசில் நாலு புத்தகம் வரும். 2005இலிருந்து நூலகம் நிறுவனம் பழைய நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி இலவசமாகவே வைத்திருக்கிறது. கையில் போன் இல்லாதவர் நம்மில் யாருமில்லை.

படிக்காததற்கு உள்ளே வேறொரு காரணம் இருக்கிறது. விலாசம். தோட்டத்துப் பெயர், டிவிஷன் பெயர், லய இலக்கம் போட்ட விலாசத்திலிருந்து தப்பி நகரத்துக் குறுக்குத்தெரு விலாசத்துக்கு வர நமக்கு இருபது முப்பது வருசம் ஆனது. அந்தப் புத்தகங்களைத் திறந்தால் பழைய விலாசம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகளிடம் நாம் சொல்லும் ஊர்க்கதை வேறு. யானைகளைச் சுட்டுக் குவித்த மேஜர் றொஜர்ஸ் துரை 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்த கதையையும், அவர் நினைவாகப் பதுளையில் எழுந்த சென் மார்க்ஸ் கோவிலையும் சுவாரசியமாகச் சொல்வோம். 1890இல் லிப்டன் வாங்கிய டம்பதென்னைக்கு விருந்தாளிகளைக் கூட்டிப்போய், அவர் உட்கார்ந்து பார்த்த இடத்தைக் காட்டுவோம். சுப்பையா யார் என்று அதே பிள்ளை கேட்டால் நமக்குத் தெரியாது.

இந்த அலட்சியத்தின் விலையை 2014 ஒக்டோபர் 29 காலையில் கண்டோம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அபாய இடம், வெளியேறுங்கள் என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை வந்திருந்தது. அந்த மண்ணுக்குள் எத்தனை பேர்? நூற்றுக்கணக்கானோர் என்று தொடங்கிய எண்ணிக்கை சில நாட்களில் நாற்பதுக்குக் கீழே இறங்கியது. நிருபர்கள் நம்மைப் பிடித்து, எத்தனை லயம், எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள், ஏன் போகவில்லை, போவதற்கு எங்கே இடம் கொடுத்தார்கள் என்று கேட்டார்கள். பக்கத்து நகரங்களில் இருந்த நாம் திணறினோம். அந்த மனிதர்களைப் பற்றி நம்மிடம் ஒரு குறிப்பேடுகூட இல்லை. ஒரு தோட்டத்தின் கதையை அந்தத் தோட்டத்துப் படித்தவர்களே எழுதிவைக்கும் பழக்கம் வாசிப்பிலிருந்து பிறக்க வேண்டியது. வாசிப்பே இல்லாத இடத்தில் அது எப்படி வரும்? அந்த வருசம்தான் 'கூலித் தமிழ்' வந்தது. அந்த வருசம்தான் சாரல்நாடனும் போய்ச் சேர்ந்தார்.

நம் பிள்ளைகளுக்கும் இதையே கற்றுக்கொடுத்துவிட்டோம் என்பதுதான் கடைசியாக ஒப்புக்கொள்ள வேண்டியது. தமிழ்மொழித் தினப் போட்டிக்கு 'மலையகம் வளர்த்த தமிழ்' என்று ஒரு தலைப்பு வந்தால் நாமே உட்கார்ந்து பேச்சை எழுதிக் கொடுக்கிறோம். நடேசய்யர், மீனாட்சி அம்மை, சி.வி., ராமையா, தெளிவத்தை என்று மூச்சுவிடாமல் பெயர் அடுக்கி, இடையில் கை உயர்த்தும் இடத்தை ஓரத்தில் குறித்து, கண்ணாடி முன்னால் பத்து நாள் பயிற்சி கொடுக்கிறோம். பிள்ளை பிசகாமல் ஒப்புவிக்கும். 'காலங்கள் சாவதில்லை' எதைப் பற்றிய நாவல் என்று நடுவர் ஒரு கேள்வி கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஆனால் கேட்க மாட்டார். நடுவரும் நம்மில் ஒருவர்தான்.