மருந்தடிக்க வருபவரின் கையில் உறை இருக்கிறதா?

மருந்தடிக்க ஆள் கிடைப்பதே இப்போது பெரும்பாடு. ஊருக்கு நாலைந்து பேர்தான் இந்த வேலைக்கு வருகிறார்கள். இன்று ஒருவர் வயல், நாளை இன்னொருவர் வயல் என்று பருவம் முழுக்க அவர்கள் முதுகில் டேங்க் இறங்குவதில்லை. மருந்தை வாங்குபவர் நிலத்துக்காரர். கடைக்காரர் சொல்வதைக் கேட்பவரும், சிட்டையைப் படிப்பவரும் அவரே. டேங்க் தூக்குபவர் பல நேரங்களில் அந்த டப்பாவின் பெயரைக்கூடக் கேட்பதில்லை.

2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அதே ஆண்டில் நம் பெரம்பலூர்ப் பகுதியிலும் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் உயிரிழந்தார்கள். இவர்கள் மருந்தைக் குடித்தவர்கள் அல்லர், வேலை செய்தவர்கள். யவத்மாலில் அந்த ஆண்டு பருத்தி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அடித்த மருந்து முகத்திலும் மார்பிலும் படிந்தது. இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்து அடித்ததும் நடந்தது. இந்த இரண்டும் நம் வயல்களிலும் நடப்பவைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் நீர் என்றால், 16 லிட்டர் டேங்கில் 12, 13 முறை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் மூடி திறந்து, மருந்தை அளந்து, ஊற்றிக் கலக்க வேண்டும். நீர் கலக்காத மருந்து கையில் படுவது இந்த நேரத்தில்தான். நம்மில் பலர் மூக்கைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிறோம். ஆனால் தெளிப்பவரின் உடம்புக்குள் நஞ்சு பெரும்பாலும் தோல் வழியாகவே போகிறது. ஒழுகும் டேங்கால் நனைந்த முதுகும், செடி உரசி நனைந்த தொடையும் மாலை வரை அப்படியே இருக்கின்றன.

"கொடுத்தாலும் போட மாட்டேன் என்கிறார்கள்" என்று நிலத்துக்காரர்கள் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. பங்குனி வெயிலில் முழு உடுப்பு போட்டு 20 கிலோ சுமப்பது யாருக்கும் முடியாது. ஆனால் அந்த வெயில் நேரத்தில் அடிக்கச் சொல்வது யார்? டேங்குக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், அவர் காற்றைப் பார்க்க மாட்டார். இடையில் நின்று கை கழுவவும் மாட்டார். எத்தனை டேங்க் முடிந்தது என்பதே அவர் கணக்கு. அரை நாள் கூலி பேசி, காலையில் வெயில் ஏறுவதற்குள் முடிக்கச் சொன்னால் பாதி ஆபத்து அங்கேயே குறையும். உறையும் உடுப்பும் அந்த நேரத்தில் உறுத்தாது.

நிலத்துக்காரர் தர வேண்டியவை அதிகமில்லை. முழங்கை வரும் ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, முதுகுக்கும் இடுப்புக்கும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, சிட்டையில் சொல்லியிருக்கும் முகமூடி. மூக்கில் துண்டு கட்டுவது பாதுகாப்பல்ல. நனைந்த துண்டு நஞ்சை மூக்கருகிலேயே வைத்திருக்கும். வரப்பில் ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் இருக்கட்டும். டேங்க் ஒழுகினால் அன்று வேலை வேண்டாம். அடைத்த நாசிலை வாயால் ஊதக் கூடாது. காற்றுக்கு எதிரே நின்று அடிக்கக் கூடாது. வேலை முடிந்ததும் குளித்துவிட்டுத்தான் சாப்பாடு, பீடி, வெற்றிலை. அந்தத் துணியை மற்றத் துணிகளோடு ஊறப்போட்டால் வீட்டுப் பெண்களின் கையிலும் நஞ்சு ஏறும், தனியே அலசுங்கள்.

டப்பாவில் உள்ள முக்கோணத்தைக் கூலிக்கு வருபவரிடமும் காட்டுங்கள். சிவப்பு மிகக் கொடியது. அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. பச்சை என்றால் நஞ்சு குறைவு என்றுதான் பொருள். நஞ்சே இல்லை என்றல்ல.

தலைவலி, வாந்தி, அதிக வியர்வை, வாயில் எச்சில் ஊறுவது, கண் மங்குவது, தசை துடிப்பது – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வேலையை நிறுத்தி, நனைந்த துணியைக் களைந்து, உடம்பைச் சோப்பால் கழுவி, 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவையோ சிட்டையையோ கையோடு கொண்டுபோங்கள். எந்த வகை நஞ்சு என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான மாற்று மருந்தைத் தர முடியும். பித்தம், வெயில் என்று மோர் கொடுத்துப் படுக்க வைக்கும் அந்த ஒரு மணி நேரம் உயிரை எடுத்துவிடும்.

1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வந்த 1971-ஆம் ஆண்டு விதிகள் பாதுகாப்பு உடை, பயிற்சி, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றைப் பற்றித் தெளிவாகப் பேசுகின்றன. ஆனால் அரை ஏக்கர் கத்தரிக் கொல்லைக்கு எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. அங்கே அந்த விதியை நடத்த வேண்டியவர் கூலி கொடுப்பவர்தான்.

எங்கள் பக்கத்துக் குறையையும் ஒப்புக்கொள்கிறேன். ஏக்கருக்கு எத்தனை மில்லி என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, பாதுகாப்பைக் கடைசி வரியில் வைப்பது எங்கள் வழக்கம். பயிற்சிக்கு அழைப்பதும் நிலத்துக்காரர்களைத்தான். டேங்க் தூக்குபவர் அன்று வேறொரு வயலில் இருப்பார். உதவி வேளாண்மை அலுவலர்கள் பருவம் தொடங்கும் முன் ஊரில் மருந்தடிக்கும் அந்த நாலைந்து பேரை ஒரு மாலையில் உட்கார வைத்து, கலக்குவதையும் டேங்க் சரிபார்ப்பதையும் கையாலேயே செய்துகாட்டினால், அந்த ஊரின் அத்தனை வயலுக்கும் அது பயன்படும்.

அடுத்த முறை மருந்து வாங்கக் கடைக்குப் போகும்போது, அந்தச் சீட்டில் ஒரு ஜோடி கையுறையையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.