பாழ் என்பது மண்ணின் பெயரல்ல!

தோழா!

குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். குற்றவாளி நான். குற்றம் நடந்த இடம் மேடை. குற்றத்துக்குப் பயன்பட்ட கருவி, நாவு!

கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் பொதுக்கூட்டம். ஐப்பசி மாதம். முதல் நாள் பெய்த மழையில் எங்கள் வண்டி கரிசலில் புதைந்து, ஊரார் தள்ளிவிட்டுத்தான் ஊர் போய்ச் சேர்ந்தோம். சேற்றுக் காலோடு மேடை ஏறினேன். “வறண்ட மண்! வாழ்வு தராத மண்! வானம் பார்த்துக் கிடக்கும் பாழ் மண்!” என்று அடுக்கினேன். கைதட்டல் எழுந்தது. அடுக்குமொழிக்குக் கிடைத்த கைதட்டலை உண்மைக்குக் கிடைத்த கைதட்டலென்று எண்ணி மகிழ்ந்தேன்.

இறங்கி வந்தபோது முதியவர் ஒருவர் என் முன்னே நின்றார்.

“தம்பி, நல்லாத்தான் பேசுனீக. ஆனா எங்க மண்ணைப் பாழுன்னு சொல்லிட்டீகளே! அந்த ஒத்தைச் சொல்லை எழுதி வச்சுக்கிட்டுத்தானே எங்ககிட்ட இருந்து பிடுங்குதாக!”

மேடையில் ஒரு மணி நேரம் பேசிய எனக்கு அவருக்கு மறுமொழி சொல்ல ஒரு சொல் கிடைக்கவில்லை. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். அன்றிரவு அவர் வீட்டுத் திண்ணையில் விட்டுப்போன பாடம் தொடர்ந்தது. அதைத்தான் உனக்கு இன்று ஒப்பிக்கிறேன்.

பழைய திருநெல்வேலிச் சீமையை எண்ணிப் பார், தோழா. 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது. 2019-இல் தென்காசி பிரிந்தது. மாவட்டம் மூன்றானது, மண்ணோ அதற்கு முன்பே பலவாகப் பிரிந்து கிடந்தது!

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் பொருநையின் இரு கரையிலும் வண்டல். அது நெல்லுக்கும் வாழைக்கும் தாய்மடி. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் போனால் தேரி; காற்று குவித்த செம்மணல் மேடு. ஊற்றிய நீரை ஒரு நொடியில் உறிஞ்சிவிடும். அங்கே நெல்லை நட்டால் அழுவாய். பனையை நட்டால் பதநீர் பருகுவாய்! கடலோரத்தில் உவர். பயிருக்கு அது பகை; உப்பளத்துக்கு அதுவே உறவு. தூத்துக்குடி உப்பு இந்தியா முழுதும் பெயர் பெற்றது அதனால் அல்லவா? மேற்கே சங்கரன்கோவில் பக்கம் செவல். நீர் தேங்காது; கிணறு இருந்தால் கடலையும் காய்கறியும் தரும்; வீடு கட்ட உறுதியான கடைக்கால் தரும்.

அடுத்தது கரிசல். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஒட்டப்பிடாரம் என்று பரந்து கிடக்கும் கறுப்புக் கடல். கறுப்பாக இருப்பதால் உரம் மிகுதி என்று எண்ணிவிடாதே. மக்குச் சத்து அதில் குறைவுதான். அதன் பெருமை வேறு. அதில் களித்துகள் மிகுதி. மழை நீரைக் குடித்து ஊதிப் பெருக்கும். கோடையில் சுருங்கி வெடிக்கும். ஆட்டுக்குட்டியின் கால் சிக்கும் அளவுக்கு வெடிப்பு! பார்ப்பவன் அதைப் பிளந்துபோன பாழ்நிலம் என்பான். உழவனோ, அடுத்த மழையை அடிமண்வரை அழைத்துச் செல்ல மண் திறந்து வைத்த வாயில் என்பான்.

வடகிழக்குப் பருவமழை வருமுன்னே புரட்டாசியில் விதைக்கிறான். மழை மூன்று மாதத்தில் முடிந்துவிடுகிறது. பயிரோ பனியிலும் வெயிலிலும் நிற்கிறது. தையிலும் மாசியிலும் விளைகிறது. அணையில்லை, கால்வாயில்லை, கிணறுமில்லை. நீர் எங்கிருந்து வந்தது? மண்ணே அணை, தோழா! மண்ணே ஏரி! சோளமும் கம்பும், உளுந்தும் பாசியும், பருத்தியும் மல்லியும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஏரியின் பாசனத்தில் விளைந்தவை.

இதை அறிந்துதான் 1901-இலேயே கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். கருங்கண்ணிப் பருத்தி அந்த மண்ணுக்கே உரிய செல்வம். திருநெல்வேலிப் பருத்தி என்று பெயர்பெற்றுத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறிக் கடல் கடந்தது. அந்தப் பருத்தியை நாடி ஆலை எழுந்தது. 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்னின்ற வ.உ.சிதம்பரனார் பிறந்த ஊர் ஒட்டப்பிடாரம். பாரதி பிறந்தது எட்டயபுரம். பாழ் மண்ணா இது?

அதே கரிசலில் நீ மாடி வீடு கட்டிப் பார்! ஈரத்தில் ஊதும் மண் தரையைத் தூக்கும். கோடையில் சுருங்கும் மண் சுவரைப் பிளக்கும். சாலை போட்டால் அலை அலையாக நெளியும். விளைவிக்கத் தெரிந்த மண். சுமக்கத் தெரியாத மண். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு தொழில் உண்டு. அத்தொழிலைப் பறித்து வேறு தொழிலில் பூட்டினால், வீணையை விறகாக்கிய கதைதான்!

சரி, பாழ் என்ற பெயரை யார் சூட்டினார்கள்? கற்பனைக் காட்சி ஒன்றைக் காட்டுகிறேன்.

(அலுவலகம். மேசைமேல் ஏடு. எதிரே உழவர்.)

அலுவலர்: உமது நிலம் எத்தகையது?

உழவர்: கரிசல், ஐயா. பருத்தி போட்டால் பருத்தி. உளுந்து போட்டால் உளுந்து.

அலுவலர்: அதைக் கேட்கவில்லை. நஞ்சையா, புஞ்சையா?

உழவர்: மானாவாரிப் புஞ்சை.

அலுவலர்: இரண்டு ஆண்டாக அடங்கலில் பயிர் ஏறவில்லையே?

உழவர்: மழை ஏமாற்றிவிட்டது, ஐயா. மண் ஏமாற்றவில்லை.

அலுவலர்: ஏட்டில் மழைக்கு இடமில்லை. தரிசு!

திரை விழுகிறது, தோழா. அதோடு நிலத்தின் விலையும் விழுகிறது!

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளையன் ரயத்துவாரி முறையில் நிலத்தை அளந்தபோது மண்ணைப் பார்த்தான். கரிசலா, செவலா, மணலா என்று பிரித்தான், களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று ஆராய்ந்தான், தரம் போட்டான், தரத்துக்கேற்பத் தீர்வை போட்டான். வரி கேட்டவனை எதிர்த்த கட்டபொம்மன் 1799-இல் கயத்தாறில் தூக்கில் தொங்கினான். அதே சீமையில், வரி வாங்குவதற்காக மண்ணை அத்தனை நுட்பமாக ஆராய்ந்தது அந்நியன் ஆட்சி. கொள்ளையிடுவதற்கு மண்ணறிவு பயன்பட்டது. காப்பாற்றுவதற்கு அது பயன்பட வேண்டாமா?

சட்டம் காக்கவில்லையா என்று கேட்பாய். 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம், பாசன வசதியுள்ள பலபோக நிலத்துக்குத் தனிக் காப்பு அளித்தது. 2020-இல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்று. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் கவனித்தாயா? காப்பு கால்வாய் நீரைத் தேடிச் செல்கிறது. தன்னுள்ளேயே நீரைத் தேக்கும் கரிசலுக்கு அத்தனை அழுத்தமான காப்பு இல்லை. ஒருபோகம் தானே, மானாவாரி தானே என்ற இளக்காரம்!

கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. பரப்பு ஏறத்தாழ 2,500 ஏக்கர். கதிரவன் தரும் மின்சாரத்தை நான் பழிக்கவில்லை. அது நாளைய உலகுக்கு வேண்டியது. ஒரு நிலையத்துக்கே அவ்வளவு நிலம் வேண்டுமென்றால், எந்த மண்ணில் அமைப்பது என்று முதலிலே கேட்பது குற்றமா? மின்பலகைக்கு வெயில் போதும், மேல்மண் வேண்டியதில்லை. சரளைக்காடு இருக்கிறது, கூரைகள் இருக்கின்றன. உளுந்துக்கோ கூரைமேல் இடமில்லை!

நிலத்தை விற்கும் உழவனை நான் குறை கூற மாட்டேன். மழை பொய்க்கிறது, விளைந்தால் விலை பொய்க்கிறது, காட்டுப்பன்றி உழுகிறது. 2018-இல் வந்த படைப்புழு மக்காச்சோளத்தை மொட்டையடித்தது. பிள்ளைகள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு ஆண்டு ஏர் படாத நிலத்தில் சீமைக் கருவேலம் குடியேறுகிறது; அதைப் பார்த்து ஏடு “தரிசு” என்கிறது. நோயாளியை மருத்துவரிடம் அழைத்துச் செல்லாமல், இறந்துவிட்டான் என்று சான்று எழுதுகிறோம்!

பாலை என்று தனியே ஒரு நிலம் இல்லை. காடும் மலையும் இயல்பு கெட்ட நிலையே பாலை என்ற கருத்தைச் சிலப்பதிகாரத்திலேயே காணலாம். இயல்பைக் கெடுத்துவிட்டு நிலத்தின்மேல் பழி போடுவது அறமாகுமா?

உன்னிடம் நான் கேட்பது பெரிதன்று. உன் ஊர் முதியவரோடு ஒரு நாள் நட. எது கரிசல், எது செவல், எது உவர், எங்கே ஓடை, எங்கே சுக்கான் கல் என்று ஒரு தாளிலே வரை. மண்வளப் பரிசோதனை அட்டை 2015 முதல் தரப்படுகிறது. அதையும் பக்கத்தில் வைத்துக்கொள். அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து நின்று படி. “புஞ்சை” என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மண்ணின் பெயரையும் ஏட்டில் எழுதுங்கள், ஆழமான கரிசலை உழவுக்கே ஒதுக்குங்கள், மழை பொய்த்த ஆண்டைத் தரிசாக்காதீர்கள்” என்று கேள். கேட்காத ஊரின் மண் மீது யாரோ ஒருவர் எழுதுவதே தீர்ப்பு.

விடைபெறும்போது அந்த முதியவர் ஒரு பிடி கரிசலை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். பேருந்தில் வரும்போது விரித்துப் பார்த்தேன். ஈரம் இன்னும் இருந்தது.

அடுத்த கூட்டம் அதே வட்டாரத்தில்தான். அங்கே நான் சொல்லப் போகும் முதல் சொல், மன்னிப்பு!