சல்லடையில் சிக்கிய செவ்வாய் மண்!



நிலவிலிருந்து மண் எடுத்து வரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு, மத்திய அரசு 2024 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. செலவு, சுமார் 2,104 கோடி ரூபாய். 'மண் அள்ளுவது ஒரு பெரிய வேலையா?' என்கிறீர்களா? பெரிய வேலைதான்!

வீட்டில் மாவு சலிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரவை, சல்லடையை லேசாக ஆட்டினாலே பொலபொலவென இறங்கிவிடும். மைதா மாவு இறங்காது. தட்டித் தட்டிச் சலிக்க வேண்டும். ஏன் தெரியுமா? ரவைத் துகளின் எடை அதைக் கீழே இழுக்கிறது. மாவுத் துகளுக்கு எடை மிகக் குறைவு. அதனால், ஒன்றோடொன்று ஒட்டும் விசையே ஜெயித்துவிடுகிறது.

செவ்வாயில் ஒரு பொருளின் எடை, பூமியில் இருப்பதில் 38 சதவீதம்தான். நிலவிலோ ஆறில் ஒரு பங்கு. ஆனால், ஒட்டும் விசை அதற்கேற்பக் குறைவதில்லை. ஆகவே, இங்கே ரவை போல் விழும் மண், அங்கே மாவு போல் ஒட்டிக்கொள்ளலாம்!

மண் ஒட்டினால் என்ன ஆகும்? 2008ல் நாசாவின் பீனிக்ஸ் விண்கலம், செவ்வாயின் வடதுருவப் பகுதியில் இறங்கியது. இயந்திரக் கையால் மண்ணை அள்ளி, ஆய்வு அடுப்பின் மேலிருந்த சல்லடையில் கொட்டியது. கட்டி கட்டியான மண், உள்ளே இறங்கவில்லை. சல்லடையைப் பல நாட்கள் அதிர வைத்த பிறகே அடுப்பு நிரம்பியது. தட்டிவிட அங்கே ஆள் ஏது?

அதனால்தான், அனுப்பும் முன்பே கருவிகளைச் சோதிக்க வேண்டும். அதற்கு இரண்டு தேவை. ஒன்று, அதே மாதிரி மண். நம் நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறைகள், நிலவின் பாறைகளை ஒத்தவை. அவற்றைப் பொடித்துத்தான் இஸ்ரோ, சந்திரயான் சோதனைகளுக்குப் பயன்படுத்தியது.

இரண்டாவது, குறைந்த எடை. பாறையைப் பொடிக்கலாம், எடையை எப்படிக் குறைப்பது? அதற்கென்றே பறக்கும் விமானங்கள் உள்ளன. வேகமாக மேலேறும் விமானம், எறிந்த பந்து போல் வளைந்து இறங்கும். அப்போது உள்ளே இருப்பவை எடையின்றி மிதக்கும். வளைவைச் சற்று மாற்றினால், நிலவில் உள்ள எடையோ, செவ்வாயில் உள்ள எடையோ கிடைக்கும்.

ஆனால், ஒவ்வொரு முறையும் 20 முதல் 30 விநாடிதான் அவகாசம்! அதற்குள், மண் குழாயில் இறங்குகிறதா, அடைத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பிறகு விமானம் மறுபடியும் ஏறும், மறுபடியும் வளையும்.

அரை நிமிடத்துக்கு இத்தனை பாடா என்று எண்ணாதீர்கள். இத்தனை கோடி ரூபாய்த் திட்டத்தை, ஒரு கைப்பிடி மண் முடக்கிவிடக் கூடாது அல்லவா?

இன்று அம்மாவிடம் சல்லடை கேட்டு வாங்கி, ரவையையும் மாவையும் நீங்களே சலித்துப் பாருங்கள்!