குளவிக் கூடு யாருடையது?
(பத்தாம் வகுப்பு மாணவி)

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. ஆங்கிலம் கற்பிக்கும் சிஸ்டர், 2014-ஆம் ஆண்டின் பழைய செய்தித்தாள் நறுக்கு ஒன்றைக் கொடுத்து, ‘விளையாட்டுக் கழகத்தை வேறு ஊருக்கு மாற்ற அதன் முதலாளிக்கு உரிமை உண்டா?’ என்று தலைப்பும் தந்தார். ‘உண்டு’ என்னும் கட்சியில் நான் பேசினேன். எங்கள் கட்சியே வென்றது. பரிசாகக் கிடைத்த பேனாவினால்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். ஆனால் அன்று பேசியதற்கு மாறாக எழுதுகிறேன்.

அந்த நறுக்கில் இருந்த கழகத்தின் பெயர் வாஸ்ப்ஸ். குளவிகள் என்று பொருள். கறுப்பும் மஞ்சளுமே அவர்களுடைய நிறங்கள். நம்மில் பெரும்பாலோர் ரக்பி ஆட்டத்தை நேரில் கண்டதில்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. அணிக்குப் பதினைந்து பேர். இக்கழகம் 1867-இல் வட லண்டனில் தோன்றியது. 1871-இல் இங்கிலாந்து ரக்பிச் சங்கம் தொடங்கப்பட்டபோது, கழகத்தின் பிரதிநிதி வேறொரு விடுதிக்குப் போய்க் காத்திருந்ததால் அந்தக் கூட்டத்தையே தவறவிட்டார் என்று ஒரு வேடிக்கைக் கதை வழங்குகிறது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று தொட்டே இக்கழகத்துக்கு இடம் சரியாக அமையவில்லையோ என்றும் தோன்றியது.

1923-இல் லண்டனின் ஓரத்திலுள்ள சட்பரிக்கு வந்த கழகம், பின்னர் அந்த மைதானத்தைச் சொந்தமாகவே வாங்கிக்கொண்டது. அங்கே எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆடினார்கள். 1995-இல் ரக்பி வீரர்கள் ஊதியம் பெற்று ஆடலாம் என்று விதி மாறியது. ஊதியம் கொடுக்கப் பணம் வேண்டுமல்லவா? மறு ஆண்டே ஒரு கால்பந்துக் கழகத்தின் மைதானத்துக்கு மாறினார்கள். சட்பரி விற்கப்பட்டு, அங்கே வீடுகள் எழும்பின. 2002-இல் லண்டனுக்கு வெளியே ஹை வைகம் நகரிலுள்ள ஆடம்ஸ் பார்க்குக்குப் போனார்கள். அதுவும் பிறர் மைதானமே. 2004-இலும் 2007-இலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோதுகூட அவர்கள் வாடகைக்குக் குடியிருந்தவர்கள்தாம். ஊர் மாறியது 2014-இல் என்றாலும், சொந்த வீட்டை விற்ற நாளிலேயே கதை தொடங்கிவிட்டது என்பது என் கருத்து. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, அடுத்த வீடு எங்கே என்பதே ஓயாத கவலை.

2012-இல் கழகம் திவாலாகும் நிலைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அயர்லாந்துத் தொழிலதிபர் ஒருவர் அதை வாங்கினார். 2014 அக்டோபரில், கவென்ட்ரி நகரில் ஏறத்தாழ 32 ஆயிரம் பேர் அமரக்கூடிய அரங்கத்தை நடத்திவந்த நிறுவனத்தைக் கழகம் விலைக்கு வாங்குவதாக அறிவிப்பு வந்தது. ஹை வைகமிலிருந்து கவென்ட்ரி நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆட்டப் பருவம் அப்போது தொடங்கியிருந்தது. அது முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. டிசம்பர் 21-ஆம் நாள் கவென்ட்ரியில் முதல் ஆட்டம், 28,254 பேர் கூடினார்கள், வாஸ்ப்ஸ் வென்றது.

இந்த எண்ணைத்தான் பட்டிமன்றத்தில் நான் முழங்கினேன். “பத்தாயிரம் பேர் அமரும் இடத்தை விட்டு, இருபத்தெட்டாயிரம் பேர் வரும் இடத்துக்குப் போனது குற்றமா?” என்றேன். எதிர்க்கட்சியில் பேசிய என் தோழி எழுந்து, “இத்தனை நாள் நடந்தே போய்ப் பார்த்தவர்கள் இனி என்ன செய்வார்கள்?” என்று கேட்டாள். “பஸ் ஏறிப் போகட்டும்!” என்றேன். வகுப்பே சிரித்தது. தோழி உட்கார்ந்துவிட்டாள்.

நான் சொல்லாமல் விட்டவை சில உண்டு. சொல்லாமல் விட்டேன் என்பதைவிட, தேடிப் பார்க்கவில்லை என்பதே உண்மை.

கவென்ட்ரிக்கு ரக்பி புதிதன்று. இந்த ஆட்டத்துக்குப் பெயர் தந்த ரக்பி என்னும் ஊரே அதற்கு அருகில்தான் இருக்கிறது. 1874-இலேயே தோன்றிய கவென்ட்ரி ரக்பிக் கழகம் 1973, 1974 ஆகிய இரண்டு ஆண்டுகளும் இங்கிலாந்தின் கோப்பையை வென்ற பெருமையுடையது. பின்னாளில் கீழ்ப் பிரிவுகளுக்கு இறங்கிவிட்டாலும் தன் ஊரிலேயே ஆடிக்கொண்டிருந்தது. அதன் வாசலில்தான் இந்தப் பெரிய கழகம் வந்து கடை விரித்தது. கால்பந்துக் கழகமான கவென்ட்ரி சிட்டிக்கோ இன்னும் சங்கடம். அந்த அரங்கமே அவர்களுக்காகக் கட்டப்பட்டது. வாஸ்ப்ஸ் அதன் பொறுப்பை ஏற்றபின், உடன்பாடு எட்டப்படாமற்போகவே, 2019-இலிருந்து இரண்டு பருவங்கள் அவர்கள் பர்மிங்ஹாமில் ஆட நேர்ந்தது. வீடு தேடி வந்தவர்கள் குடியேறியதும், வீட்டில் இருந்தவர்கள் வீதிக்கு வந்தார்கள்.

அரங்கத்துக்காகப் பட்ட கடனைச் சமாளிக்க, 2015-இல் 3 கோடியே 50 இலட்சம் பவுனுக்குக் கடன் பத்திரங்கள் விற்றார்கள். ஆண்டுக்கு 6.5 விழுக்காடு வட்டி. வாங்கியவர்களில் ரசிகர்களும் இருந்தார்கள். 2022 மே மாதம் அந்த அசலைத் திருப்பித் தர வேண்டிய நாள் வந்தது, தர முடியவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 17-ஆம் நாள் கழகம் திவால் நிர்வாகத்துக்குப் போயிற்று. வீரர்களும் ஊழியர்களுமாக 167 பேர் வேலை இழந்தார்கள். எட்டே ஆண்டுகள்!

“பார்த்தீர்களா, ஊர் மாறியதால் அழிந்தது” என்று இங்கே நான் முடித்துவிடலாம். அப்படி முடித்தால் மறுபடியும் பாதி உண்மை பேசியவள் ஆவேன். கொரோனா நோய்க் காலத்தில் அரங்கங்கள் அடைபட்டு எல்லாக் கழகங்களுமே நட்டப்பட்டன. ஊரை விட்டு நகராமல் தன் இடத்திலேயே ஆடிய வூஸ்டர் கழகமும் அதே 2022-இல், வாஸ்ப்ஸுக்குச் சில வாரங்கள் முன்பே வீழ்ந்தது. ஊர் மாறாதிருந்தால் வாஸ்ப்ஸ் இன்னும் முன்னதாகவே மூடப்பட்டிருக்கலாம் என்பாரும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை.

ஆகையால், தோற்றதற்காக அந்த இடமாற்றத்தை நான் குறை கூறவில்லை. வென்றிருந்தாலும் குறைதான். ஒரு கடைக்காரர் கடையை மாற்றினால் நாம் வேறு கடையில் அரிசி வாங்கிக்கொள்ளலாம். தாத்தா பார்த்த அணியை வேறு எங்கே வாங்குவது? முதலாளி வாங்கியது வீரர்களின் ஒப்பந்தங்களையும் பெயரையும்தான். மழையில் நனைந்துகொண்டு கை தட்டிய நூற்று நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு அவர் விலை கொடுக்கவில்லை. அந்த 2014-இலேயே கழகத்தின் பெயருக்கு முன்னால் இருந்த ‘லண்டன்’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள். மற்ற எல்லாவற்றையும்விட இந்தச் சிறிய செய்திதான் என் மனத்தை உறுத்தியது.

முதலாளிக்கு உரிமையே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. தனியே முடிவு செய்யும் உரிமை இல்லை என்கிறேன். இங்கிலாந்தில் 2025-இல் கால்பந்துக்கென்று ஒரு சட்டம் வந்திருக்கிறது. அதன்படி, கால்பந்துக் கழகம் ஒன்று மைதானத்தை விற்கவோ வேறிடம் போகவோ விரும்பினால், அதற்கென அமைக்கப்பட்ட கண்காணிப்பாளரின் ஒப்புதலைப் பெற வேண்டும். ரக்பிக்கும் அத்தகைய சட்டம் வரட்டும். போகும் ஊரின் மக்களையும் கேட்கட்டும். அவர்களை யாருமே மறந்துவிடுகிறார்கள்.

பட்டிமன்றத்தில் பேச்சைத் திரும்பப் பெறும் வழக்கம் உண்டா என்று சிஸ்டரிடம் கேட்டேன். மேடையில் இல்லை, பள்ளி மலரில் எழுதலாம் என்றார். எனவே, எதிர்க்கட்சித் தோழியே, “பஸ் ஏறிப் போகட்டும்” என்றதை மட்டும் நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பேனாவை எழுதி முடித்ததும் உன்னிடம் தந்துவிடுகிறேன்.