மறைத்து வைக்க எந்த இடம் நல்ல இடம்?



கைத்துப்பாக்கியை உடலில் எங்கே செருகினால் வெளியே தெரியாது? எங்கே வைத்தால் உட்காரும்போது உறுத்தாது? எங்கிருந்தால் சட்டென உருவலாம்? இவை காவல்துறைப் பயிற்சிக் கூடத்தில் எழும் வினாக்கள் அல்ல. நம் தமிழ்ப்பள்ளிகளில் ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு படிக்கும் ஆண்பிள்ளைகள் ஓய்வு நேரத்தில் நடத்தும் பட்டிமன்றத்தின் தலைப்புகள். வலப்பக்க இடுப்பு என்பான் ஒருவன். முதுகுப்பக்கமே பாதுகாப்பு என்பான் மற்றொருவன். இருவரும் திரைப்படக் காட்சிகளைச் சான்று காட்டுவார்கள். பத்துக் குறள் ஒப்புவிக்கச் சொன்னால் மூன்றாவதில் தடுமாறும் நாக்கு, இதில் மட்டும் தடுமாறுவதே இல்லை!

பெற்றோர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். “பிள்ளைகள்தானே, விளையாட்டுதானே வாத்தியாரே” என்கிறார்கள். அந்தச் சிரிப்பை எதிர்த்தே இந்தப் பதிவை எழுதுகிறேன். பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு நேரான விடை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் நாம் சிரித்து நழுவுவதால், திரைப்படம் முந்திக்கொண்டு தன் விடையைச் சொல்லிவிடுகிறது.

முதலில் உடலைப் பற்றிப் பேசுவோம். திரையில் கதாநாயகன் உறையில்லாத துப்பாக்கியைக் காற்சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடுகிறான், சுவரேறிக் குதிக்கிறான், இடையில் ஒரு பாட்டுக்கு ஆடவும் செய்கிறான். துப்பாக்கி நழுவுவதும் இல்லை, வெடிப்பதும் இல்லை. படப்பிடிப்புக்காகச் செய்த வெற்றுப் பொருள் வேறென்ன செய்யும்? துப்பாக்கி உரிமம் எளிதில் கிடைக்கும் அமெரிக்காவில், அதைக் கற்பிப்பவர்கள் உறையில்லாமல் இடுப்பில் செருகுவதை மூடத்தனம் என்றே சொல்வார்கள். விசையை முழுமையாக மூடும் கெட்டியான உறையும், அதன் எடையைத் தாங்கும் தடித்த இடைவாரும் வேண்டும் என்பது அவர்களின் பால பாடம். இடுப்பின் முன்புறம் செருகினால் குழல்வாய் பார்த்துக்கொண்டிருப்பது தொடையின் பெருந்தமனியை. அது அறுபட்டால் ஆள் மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விடலாம். முதுகின் நடுவே செருகியவன் மல்லாந்து விழுந்தால் இரும்புக்கும் தரைக்கும் இடையில் நசுங்குவது முதுகெலும்பு. பின்னால் நிற்பவன் அதை உருவிக்கொள்ளவும் முடியும். கணுக்காலில் கட்டியவன் குனிந்துதான் எடுக்க வேண்டும். அதுவரை எதிரி காத்திருப்பானா என்பதைப் பட்டிமன்ற நடுவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

இதைக் கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். பிளாக்சிகோ பரஸ், அமெரிக்கக் காற்பந்து வீரர். 2008 பிப்ரவரியில் நியூயார்க் ஜயன்ட்ஸ் குழு சூப்பர் பௌல் கிண்ணத்தை வென்றபோது வெற்றியை உறுதி செய்த பந்தைப் பிடித்தவர் அவர்தாம். அதே ஆண்டு நவம்பரில், இரவு விடுதி ஒன்றுக்கு, தளர்வான விளையாட்டுக் காற்சட்டையின் இடைப்பட்டியில் கைத்துப்பாக்கியைச் செருகிக்கொண்டு சென்றார். அது நழுவிக் காலுக்குள் இறங்கி வெடித்தது. குண்டு அவருடைய தொடையையே துளைத்தது. எதிரி என்று அங்கு எவரும் இல்லை. நியூயார்க்கில் துப்பாக்கி வைத்துக்கொள்ள அவருக்கு உரிமமும் இல்லை. 2009-இல் இரண்டாண்டுச் சிறைத் தண்டனை. கோடிகளில் சம்பளம் வாங்கிய உடல்வலிமை மிக்க ஒருவராலேயே இடுப்பில் நிறுத்த முடியாத ஒன்றை, நம் பையன் தன் நீலக் காற்சட்டைக்குள் நிறுத்திவிடலாம் என்று கனவு காண்கிறான்.

இனி நம் நாட்டுச் சட்டம். இதைப் பெற்றோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். மலேசியாவில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். அந்த உரிமத்தைத் தருபவர் மாநிலக் காவல்துறைத் தலைவர். கேட்டவர்க்கெல்லாம் அவர் தருவதில்லை. 1971-ஆம் ஆண்டுச் சுடுகருவிகள் (கூடுதல் தண்டனைகள்) சட்டத்தின்படி, சட்டத்துக்குப் புறம்பாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. கொள்ளை போன்ற குற்றத்தின்போது சுட்டால், யாருக்கும் காயமே படாவிட்டாலும், மரண தண்டனை விதிக்கலாம். உடன் சென்றவனும் தப்ப முடியாது. சுடுவதைத் தடுக்கத் தன்னால் இயன்ற அனைத்தையும் செய்ததாக அவன் காட்ட வேண்டும். 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது. அதனால் எல்லாம் இலேசாகிவிட்டது என்று காப்பிக்கடையில் பேசுகிறார்கள். மரணத்துக்கு மாற்றாக நீதிபதி விதிக்கக்கூடியது 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் 12-க்குக் குறையாத பிரம்படியும். இருபது வயதில் இத்தனை நீண்ட தண்டனையோடு உள்ளே போவது இலேசா?

போலித் துப்பாக்கிக்கும் இதே நாட்டில் சட்டம் உண்டு. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு, அசலைப் போன்ற போலி ஆயுதத்தை வைத்திருப்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ 5,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. இரவுச் சந்தையில் பிள்ளை அழுகிறானே என்று வாங்கித் தரும் பொருளைப் பணம் கொடுக்கும் முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

“சின்னப் பிள்ளையை யார் தண்டிக்கப் போகிறார்கள்?” என்று கேட்பவர்கள் 1977-ஐ நினைவுகூர வேண்டும். நமக்கு அண்டையிலிருக்கும் பினாங்கில், கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்ததற்காகப் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மரண தண்டனை விதிக்கப்பட்டது. நாடே அதிர்ந்தது. பின்னர் அவன் தூக்கிலிருந்து தப்பினான் என்பது உண்மை. அந்தச் சட்டமும் 2012-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும், பதினான்கு வயது என்பது இரண்டாம் படிவம். நம் பள்ளியிலிருந்து வெளியேறிய இரண்டாம் ஆண்டு.

தமிழர்களாகிய நமக்கு இதில் இன்னும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1948-இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபோது, அனுமதியின்றி ஆயுதம் தாங்குவது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. தோட்டத் துரைமார்களின் இடுப்பில் துப்பாக்கி பகிரங்கமாகத் தொங்கியது. அது பாதுகாப்பு எனப்பட்டது. அதே பொருள் தொழிலாளியின் இடுப்பில் அகப்பட்டால் கழுத்துக்குக் கயிறு. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மார்ச்சில் ரவாங் வட்டாரத்தில் கைதானார். அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்டவை ஒரு சுழல்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும். கிடந்ததை எடுத்துக் காவல்நிலையத்தில் ஒப்படைக்கவே சென்றதாக அவர் தரப்பில் கூறப்பட்டது. எடுபடவில்லை. இந்திய அரசாங்கம் கருணை கேட்டது, அதுவும் எடுபடவில்லை. மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கைதானதற்கும் தூக்குக்கும் இடையே இரண்டு மாதங்களே! அவருடைய அரசியல் சரியா தவறா என்பது வேறொரு பதிவுக்குரியது. ஒரு மனிதர் அரசாங்கத்தின் கண்ணில் உறுத்தும்போது, அவர் இடுப்பிலிருக்கும் இரும்பு அவருக்கெதிரான சாட்சியாகிறது என்பதை மட்டும் இங்கே குறிக்கிறேன்.

ஜொகூரில் அதே காலத்தில் பிடிபட்ட சம்பசிவம் என்பவரின் வழக்கு சட்டம் பயில்வோர் அறிந்தது. தோட்டாக்கள் வைத்திருந்த குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். துப்பாக்கி தாங்கிய குற்றச்சாட்டின் மறுவிசாரணையில் மரண தண்டனை பெற்றார். ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட ஒன்றை மீண்டும் அவருக்கெதிராகப் பயன்படுத்தியது தவறு என்று 1950-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. உயிர் பிழைத்தார். கடல் கடந்து இலண்டன் வரை போய்த்தான் அந்த உயிரை மீட்க வேண்டியிருந்தது!

இத்தனை வரலாறும் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த வரலாறு பெந்தோங் காளி. 1993 ஜூன் 29-இல் மேடான் டாமன்சாராவில் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டவரை, அதற்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்த பையன்கள் மாமன் முறை வைத்துப் பேசுகிறார்கள். அவரிடமும் துப்பாக்கி இருந்தது. சட்டையும் தொளதொளவென்றுதான் இருந்திருக்கும். வீட்டுக்கு வந்தது பிணம். 2007-இல் ‘பில்லா’வும் 2016-இல் ‘கபாலி’யும் நம் நாட்டைக் களமாகக் கொண்டு வந்தன. ‘கபாலி’யில் குண்டர் கும்பலிலிருந்து இளைஞர்களை மீட்கும் ஒரு பள்ளியும் வருகிறது. அதை எத்தனை மாணவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். கோட்டும் துப்பாக்கியும்தான் மிஞ்சியிருக்கும்.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர் நாற்பதாயிரத்துக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் இந்தியர். மக்கள்தொகையில் நாம் ஏழு விழுக்காடு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, லயத்திலிருந்து சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கத்து மலிவுவிலை வீடுகளுக்கு மாறிய குடும்பங்கள் எத்தனை! கோயிலும் பள்ளியும் திடலும் நடந்து போகும் தொலைவில் இருந்த வாழ்க்கை போயிற்று. தாயும் தந்தையும் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட் வேலைக்குச் சென்றார்கள். அந்த வெற்றிடத்தில் பையனைப் பெயர் சொல்லி அழைத்தவன் கும்பல்காரன். இதைச் சமுதாயத் தலைவர்கள் மேடைதோறும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு மாலை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

“நகரத்தில் வழிப்பறி நடக்கிறது, தற்காப்புக்கு ஒன்று வேண்டாமா?” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நகைக்கடை வைத்திருப்பவர் முறைப்படி விண்ணப்பிக்கட்டும். அது அவருக்கும் காவல்துறைக்கும் உள்ள விவகாரம். பிள்ளையின் காதுபடச் சாப்பாட்டு மேசையில் அதை வீரமாகப் பேசாதீர்கள் என்பதே என் சண்டை.

வீரம் வேண்டுமென்றால் நம் கெடா மண்ணிலேயே இருக்கிறது. போருக்குப் பிறகு பீடோங்கின் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடையை மூடு என்பதே அதன் முதல் முழக்கம். சீருடை அணிந்து, பகலில், எல்லாரும் பார்க்க அணிவகுத்தார்கள். கையிலிருந்தது கம்பு. 1947 தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் காவல்துறை அவர்களை ஒடுக்கியது, உயிரும் பறிபோனது. அந்தத் தோட்டக்காரர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரன்களும் நம் வகுப்புகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவனுக்காவது சாமியின் பெயர் தெரியுமா? நாம் சொன்னால்தானே தெரியும்! பாடநூலில் இல்லை என்று தட்டிக் கழிக்காமல், நன்னெறிப் பாடவேளையில் இருபது நிமிடம் ஒதுக்கலாமே.

ஆண்டு விழாக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கறுப்புக் கண்ணாடி அணிந்து, நெகிழித் துப்பாக்கியை இடுப்பில் செருகி, ஏழு வயதுப் பிள்ளை மேடையில் ஆடுகிறது. கீழே கைதட்டல், கைப்பேசிகளில் படப்பிடிப்பு. நடனம் அமைத்தவர் ஆசிரியர்; உடை தைத்துக் கொடுத்தவர் தாய்; பரிசு கொடுத்தவர் சிறப்பு விருந்தினர். கட்டபொம்மன் நாடகத்தில் வாள் வைக்கலாமா என்று ஓர் அன்பர் குறும்பாகக் கேட்டார். தாராளமாக வைக்கலாம் ஐயா, அவர் அதை யாருக்கும் தெரியாமல் சட்டைக்குள் வைத்திருக்கவில்லையே!

பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை முன்மொழியுமாறு கெடா மாநிலத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளி மேடையில் எந்த வடிவிலும் துப்பாக்கி கூடாது என்பது முதலாவது. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் மாவட்டக் காவல் நிலையத்திலிருந்து ஓர் அதிகாரியை அழைத்து, மேலே சொன்ன சட்டங்களை மலாயிலும் தமிழிலும் விளக்கச் செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. பள்ளி இறுதித் தேர்வு முடிந்த பிறகு வேண்டாம். அப்போது பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். ஆண்டின் முதல் பருவத்திலேயே வையுங்கள், தந்தையரும் வரக்கூடிய ஒரு சனிக்கிழமையில்.