மூக்கு முடியைப் பிடுங்காதீர்கள்!



நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படும் ஒரு சின்ன விடயத்தை இம்முறை எழுதுகிறேன். மூக்குத் துவாரத்திற்கு வெளியே எட்டிப் பார்க்கும் முடியைத்தான் சொல்கிறேன். வயது ஏற ஏற இது நீண்டும் தடித்தும் வளரும். ஆண்களுக்கே அதிகம். பலர் இதை விரலாலோ சாவணத்தாலோ பிடுங்கி எறிகிறார்கள். அதுதான் ஆபத்து.

இம்முடி வீணாக முளைப்பதல்ல. சுவாசிக்கும் காற்றிலுள்ள தூசியை வாசலிலேயே தடுப்பது இதன் வேலை. முழுவதுமாக அகற்ற வேண்டிய அவசியமே இல்லை.

முடியை வேரோடு பிடுங்கினால் அவ்விடத்தில் சிறு காயம் உண்டாகும். ஆரோக்கியமானவர்கள் பலரின் மூக்கிலும் ஸ்டெபிலோகொக்கஸ் என்ற பக்டீரியா குடியிருக்கிறது. காயத்தினூடாக அது உள்ளே புகுந்தால் கொப்புளமும் சீழும் உண்டாகும். மூக்கையும் மேலுதட்டையும் சுற்றியுள்ள இரத்த நாளங்கள் கண்ணுக்குப் பின்னால் உள்ள நாளங்களோடு தொடர்புடையவை. ஆகவே அங்கு ஏற்படும் கிருமித்தொற்று, மிக அபூர்வமாக, மூளைக்கு அருகே வரை பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

எங்கள் மாமாவுக்குச் சீனி வருத்தம். கண் பார்வையும் மங்கல். அதனால் அவருக்கு நானே வெட்டி விடுகிறேன். முனை மழுங்கிய சிறிய கத்தரிக்கோல் ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைப்பேன். அவரை மெதுவாக மூக்குச் சீறச் சொல்லி, யன்னல் வெளிச்சத்தில் தலையைச் சற்று நிமிர்த்தி, வெளியே தெரியும் நுனியை மட்டும் வெட்டுவேன். உள்ளே கத்தரிக்கோலை நுழைப்பதில்லை. சிறுபிள்ளைகள் ஓடித் திரியும் நேரத்தில் இவ்வேலையைத் தொடங்குவதும் இல்லை.

பற்றரியில் இயங்கும் ட்ரிமரும் நல்லதே. ஆனால் ஒருவருடையதை மற்றவர் பாவிக்கக் கூடாது. முடி அகற்றும் கிறீமை மூக்கினுள் பூச வேண்டாம். மென்மையான தோல் வெந்துவிடும். மெழுகிட்டு இழுப்பதும் பிடுங்குவதும் ஒன்றுதான்.

மூக்கினுள் கொப்புளம் வந்தால் நசுக்காதீர்கள். சிவப்பும் வீக்கமும் பரவினாலோ, காய்ச்சல், கடும் தலைவலி, கண்ணிமை வீக்கம், பார்வைக் குழப்பம் ஏற்பட்டாலோ அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சிறு கொப்புளத்தையும் வைத்தியரிடம் காட்டுவது நல்லது.

மீசை கத்தரிக்கும் நாளிலேயே இதையும் கத்தரிக்க வீட்டு ஆண்களைப் பழக்கிவிடுங்கள். முடி வெளியே நீளாவிட்டால் பிடுங்கும் பழக்கமும் தானாக விட்டுப்போகும்.