கம்பைலரும் பாதைக் குறிப்பும்

சி, சி++ முதலிய மொழிகளில் எழுதப்பெற்ற நிரலை வெப்அசெம்பிளி வடிவிற்கு மாற்ற முற்படுவோர்க்கு முதலில் நேரும் இடையூறு பெரும்பாலும் நிரலில் உள்ள பிழையன்று. கம்பைலர் எங்கே இருக்கிறது என்பதைக் கணிப்பொறி அறியாமையே ஆகும். "கட்டளை காணப்படவில்லை" என்னும் பொருள்பட ஒரு வரி திரையில் தோன்றுகிறது. உடனே கருவித் தொகுதி முழுவதையும் அழித்துவிட்டு, மீண்டும் முதலிலிருந்து நிறுவுவது பலரிடம் வழக்கமாகிவிட்டது. பயிற்சிக் கூடங்களில் இவ்வழக்கம் கைவிடப்பட வேண்டும். பாதைப் பிழையை ஆராய்ந்து நீக்கும் முறை, நிரல் எழுதும் பாடத்தின் ஓர் அங்கமாகவே கற்பிக்கப்பட வேண்டும்.

வெப்அசெம்பிளி 2015ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது; 2017ஆம் ஆண்டில் முக்கியமான உலாவிகள் யாவற்றிலும் இடம்பெற்றது; 2019 டிசம்பரில் உலகளாவிய வலைச் சங்கத்தின் பரிந்துரையாயிற்று. கூகிள் எர்த் என்னும் பூகோளப் படம் 2020ஆம் ஆண்டில் பயர்பாக்ஸ், எட்ஜ், ஓபரா ஆகிய உலாவிகளிலும் இயங்கத் தொடங்கியது இதன் துணையாலேயே. கணக்கீடு உலாவிக்குள்ளேயே நடைபெறுவதால், களப்பணியாளர் தனியே எதையும் நிறுவ வேண்டியதில்லை. தக்கவாறு அமைத்து ஒருமுறை சேமித்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் கருவி இயங்கும். ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் இத்துறையில் நாட்டம் கொள்வது இயல்பே.

இம்மாற்றத்திற்குப் பெரிதும் பயன்படுவது எம்ஸ்கிரிப்டன் என்னும் கருவித் தொகுதி. மொசில்லாவில் பணியாற்றிய அலோன் ஸக்காய் 2010ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். இதன் முகப்பாக நிற்கும் 'எம்சிசி' உண்மையில் கம்பைலர் அன்று. வேலையைப் பிறரிடம் பகிர்ந்து கொடுக்கும் மேஸ்திரி போன்றது. பைத்தானில் எழுதப்பெற்ற அது, நிரலைப் பெயர்க்கக் கிளாங்கையும், துண்டுகளை இணைக்க வேறொரு கருவியையும், விளைவைச் செப்பனிடப் பைனரியன் தொகுதியையும், சில பணிகளுக்கு நோடையும் அழைக்கிறது. இவற்றுள் எது உரிய இடத்தில் அகப்படாவிடினும் வேலை நின்றுவிடும்.

முதல் வகைப் பிழை பாதைப் பட்டியலைச் சார்ந்தது. ஒரு கட்டளையைத் தட்டியதும் கணிப்பொறி வட்டு முழுவதையும் தேடுவதில்லை. 'பாத்' என்னும் சூழல் மாறியில் குறிக்கப்பட்ட கோப்புறைகளை மட்டும் வரிசையாகப் பார்த்து, முதலில் அகப்படுவதை எடுத்துக்கொள்கிறது. எம்ஸ்கிரிப்டனை அமைப்பதில் நிறுவுதல், செயற்படுத்துதல், சூழலை ஏற்றுதல் என மூன்று படிகள் உண்டு. மூன்றாம் படி, அது இயக்கப்பட்ட கட்டளைச் சாளரத்திற்கு மட்டுமே பொருந்தும். காலையில் நடந்த வேலை மாலையில் வேறொரு சாளரத்தில் நடவாமைக்கு இதுவே காரணம். லினக்ஸில் சூழற்கோப்பை 'சோர்ஸ்' கட்டளையால் ஏற்றாமல் தனி நிரலாக ஓட்டினாலும் பயனில்லை. மாற்றம் அந்நிரலோடு மறைந்துவிடும்.

இரண்டாம் வகை இதனினும் ஏமாற்றுவது. கம்பைலர் அகப்படுகிறது, ஆனால் அது வேண்டிய கம்பைலர் அன்று. ஆப்பிள் நிறுவனம் தன் கணிப்பொறிகளுக்கு வழங்கும் கிளாங்கில் வெப்அசெம்பிளி இலக்கு சேர்க்கப்படவில்லை. அது பட்டியலில் முன்னே நின்று, நேரே அழைக்கப்பட்டால், இலக்கு தெரியாது என்ற செய்தியே கிடைக்கும். முன்னாளில் நிறுவிய தொகுதியின் அமைப்புக் கோப்பு எஞ்சியிருந்து பழைய கோப்புறையைச் சுட்டுவதும் உண்டு. லினக்ஸிலும் மேக்கிலும் 'விச்', விண்டோஸில் 'வேர்' என்னும் கட்டளைகள், எந்தக் கோப்புறையிலுள்ள கருவி அழைக்கப்படுகிறது என்பதைக் காட்டிவிடும்.

மூன்றாம் வகை சீமேக் பயன்படுத்துவோர்க்கு உரியது. சீமேக் முதல் முறை இயங்கும்போது தான் கண்ட கம்பைலரின் பாதையைத் தற்காலிகக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டு, பின்னர் அதையே நம்புகிறது. பாதைப் பட்டியலைத் திருத்தினாலும் பழைய பிழை தொடரும். கட்டுமானக் கோப்புறையை நீக்கிவிட்டு, 'எம்சீமேக்' என்னும் முன்கட்டளையுடன் மீண்டும் தொடங்குவதே தீர்வு.

கணிப்பொறியின் சொந்தத் தலைப்புக் கோப்புகள் இருக்கும் கோப்புறையைக் கட்டளையில் சேர்த்துவிடுவது நான்காம் வகை. வெப்அசெம்பிளிக்கெனத் தனித் தலைப்புக் கோப்புகள் தொகுதியிலேயே உள்ளன. மற்றவற்றைக் கலத்தல் கூடாது.

மீண்டும் நிறுவுவதால் பிழை நீங்குகிறதே என்று சிலர் கூறலாம். சில வேளைகளில் நீங்குவது உண்மையே. ஆனால் நிறுவும்போது சூழற்கோப்பு மறுபடியும் ஏற்றப்படுவதே அதற்குக் காரணம். அவ்வொரு வரியை மட்டும் இயக்கியிருந்தால் போதும். சீமேக் குறிப்பேட்டில் உள்ள பிழையோ எத்தனை முறை நிறுவினாலும் அகலாது. தொகுதியை இறக்க நூற்றுக்கணக்கான மெகாபைட் செலவாகும். இணைப்பு மெலிந்த பள்ளியில் அதனால் ஒரு வகுப்பு நேரமே வீணாகக்கூடும். அதனினும் பெரிய நஷ்டம் மாணவனுடைய நம்பிக்கை. தன் நிரல் சரியாயிருந்தும் திரை மறுப்பதைக் கண்டவன், தனக்கு இத்துறை வாராது என்று முடிவுகட்டிவிடுகிறான்.

ஆகவே ஆசிரியர்கள் மூன்று செயல்களை மேற்கொள்ளுதல் நலம். முதலாவது, பிழை தோன்றியதும் கருவி இருக்கிறதா, பட்டியலில் அதன் பாதை உள்ளதா, அகப்பட்டது எது, பழைய குறிப்பு எஞ்சியுள்ளதா என்று வரிசையாக வினவப் பழக்குதல். இரண்டாவது, நிறுவிய பதிப்பின் எண்ணையும் கோப்புறையையும் எழுதிக் கூடத்தில் ஒட்டிவைத்தல். 'மிகப் புதியது' என்று கேட்டு நிறுவினால் இன்று வருவதும் அடுத்த மாதம் வருவதும் ஒன்றாயிரா. மூன்றாவது, பிழைச் செய்தியை மூலத்தில் உள்ளவாறே ஏட்டில் குறிக்கச் செய்து, அதன் பொருளைத் தமிழில் விளக்குதல். செய்தியைப் படிக்காமலே அஞ்சி விலகும் பழக்கம் இதனால் ஒழியும்.

பாதைப் பிழை அறிவுக் குறைவின் அடையாளமன்று. முகவரி தவறிய கடிதம் போன்றது. கடிதத்தைக் கிழித்து மீண்டும் எழுதுவதில் பயனில்லை. முகவரியைத் திருத்துவதே முறை. இதனை முதல் வாரத்திலேயே மாணவர்க்கு உணர்த்தும் ஆசிரியர், பின்வரும் பல வாரங்களின் உழைப்பைக் காத்தவராவார்.